பேச்சு வந்தப்புறம் சேர்க்கறதா, சேர்த்தா பேச்சு வருமா

தம்பி, உங்க கேள்விய மூணு தடவ படிச்சேன். பொண்ணுக்கு மூணு வயசு நாலு மாசம் ஆச்சு, நாலஞ்சு வார்த்தைக்கு மேல வரல, அம்மாபேட்டைல வீட்லயே தறி ஓட்டறீங்க, வீட்ல தெலுங்கு தெருவுல தமிழ், ஒரு ப்ளே ஸ்கூலுக்கு கூட்டிட்டு போனதுக்கு பத்து நிமிஷம் பாத்துட்டு "பேச்சு வந்ததும் வாங்க, இல்லன்னா ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க, மொதல்ல வீட்ல தெலுங்கு பேசறத நிறுத்துங்க"ன்னு அனுப்பிட்டாங்க, இப்ப பக்கத்து தெரு பால்வாடில விடறதா இல்ல இன்னொரு வருஷம் வீட்லயே வெச்சுக்கறதான்னு கேட்டிருக்கீங்க. கேள்வி இவ்வளவுதான், ஆனா படிக்கறப்ப எனக்கு கேட்டது வேற, மத்த பிள்ளைங்க கூட உக்கார என் பொண்ணுக்கு எடம் உண்டா இல்லயான்னுதான் நீங்க கேக்கறீங்கன்னு தோணுச்சு. உண்டு. இப்பவே உண்டு. பேச்சு வந்துதான் அந்த எடம் கிடைக்கணும்னு இல்ல. இத மொதல்லயே சொல்லிட்டு மத்தத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் ஏற்காடு மலைல பதினோரு வருஷம் அங்கன்வாடி டீச்சரா இருந்தவ, அப்புறம் சிறப்புக் கல்வி டிப்ளமோ படிச்சு இப்ப ஒம்போது வருஷமா கீழ சேலத்துல மாற்றுத்திறனாளி குழந்தைங்களோட வேலை செய்றேன். டாக்டர் கிடையாது, பேச்சுப் பயிற்சி நிபுணரும் கிடையாது, உங்க பொண்ண நேர்ல பாக்கவும் இல்ல, அதனால அவளுக்கு இன்னதுதான்னு பேர் வெக்க மாட்டேன், அப்படி எழுத்துல படிச்சுட்டு பேர் வெக்கறவங்க யாரா இருந்தாலும் நம்பாதீங்க. ஆனா நீங்க எழுதினதுல சில விஷயம் இருக்கு, அத வெச்சு எது முன்னாடி எது பின்னாடின்னு சொல்ல முடியும்.

எல்லாத்துக்கும் முன்னாடி காது. காதுல அடிக்கடி சீழ் வருதுன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, டிவி சவுண்ட அதிகமா வெக்கச் சொல்லி அழறான்னு வேற ஒரு எடத்துல எழுதியிருக்கீங்க, எனக்கு அந்த ரெண்டு வரிலதான் கண்ணு நின்னுச்சு. அதே சமயம் அவ உங்க கையப் புடிச்சு இழுத்துட்டு போய் வேணும்ங்கறத விரல் நீட்டி காட்டறா, சொப்பு வெச்சு சமைக்கற மாதிரி விளையாடறா, புது துணி போட்டா பாட்டிகிட்ட ஓடிப்போய் காட்டறான்னும் சொல்றீங்க. அடுத்தவங்களோட மனசு பகிர்ந்துக்கணும்ங்கற ஆசை அவகிட்ட நல்லாவே இருக்குன்னு அர்த்தம். இதெல்லாம் இல்லாம, பேர் சொல்லி கூப்ட்டா திரும்பாம, விரல் நீட்டாம இருந்திருந்தா நான் வேற மாதிரி யோசிக்கச் சொல்லியிருப்பேன். இப்ப காதத்தான் சந்தேகப்படறேன். இது சந்தேகம் மட்டும்தான், டெஸ்ட்டுதான் சொல்லணும். நடுக்காதுல நீர் கோத்துக்கிட்டா காது முழுசா அடைக்காது, சில நாள் கேக்கும் சில நாள் பாதி கேக்கும், அதனால வீட்ல இருக்கறவங்க "கேக்குது, கதவு தட்டினா திரும்பறாளே"ன்னு நெனச்சுப்பாங்க. கதவுச் சத்தம் கேக்கறது வேற, "பல்லு"க்கும் "பள்ளு"க்கும் வித்தியாசம் கேக்கறது வேற.

இத நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா மலைல என் மொத ரெண்டு வருஷத்துல ஒரு பொண்ணு இருந்தா, கூப்ட்டா வரமாட்டா, கதை சொன்னா எந்திரிச்சு போயிடுவா, நான் அவள அடக்கமில்லாத பிள்ளைன்னு முடிவு பண்ணி தனியா மூலைல உக்கார வெச்சேன். ஒரு வருஷம் முழுசா. அப்புறம் மருத்துவக் குழு வந்தப்ப காது பாத்து ரெண்டு காதும் சரியா கேக்கலன்னு சொன்னாங்க. அவ மூலைல உக்காந்திருந்த எடம் என் கொரல்லருந்து ரொம்ப தூரம், அவளுக்கு எது தேவையோ அதுக்கு நேர் எதிரானத நான் பண்ணியிருக்கேன். இன்னைக்கும் அந்த முகம் மறக்கல.

ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேத்து "அம்மா வா", "பால் வேணும்"ங்கற மாதிரி சொல்லணும், அது வரலன்னா காத்திருக்கக் கூடாது, இது உறுதியான விஷயம். வந்த பேச்சு எந்த வயசுலயாவது நின்னு போச்சுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும், இதுவும் உறுதி. "அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான்"னு உங்கம்மா சொல்றதா எழுதியிருக்கீங்க, பெரியவங்க மனசு ஆறட்டும்னு அன்பாத்தான் சொல்றாங்க, ஆனா நான் பாத்தவரைக்கும் குழந்தைங்களுக்கு அதிக நாள் நஷ்டமாக்கினது இந்த ஒரு ஆறுதல்தான். லேட்டா பேசி அப்புறம் தானா சரியான பிள்ளைங்க நெசமாவே இருக்காங்க, ஆனா எந்தப் பிள்ளை தானா சரியாகும் எது ஆகாதுன்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது, அதனால சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல. நாக்குல வசம்பு தேய்க்கறதும், காதுல எண்ணெய் காய்ச்சி ஊத்தறதும் தயவு செஞ்சு வேண்டாம். சீழ் வர்ற காதுல சவ்வுல ஓட்டை இருந்தா எண்ணெய் உள்ள போயி இன்னும் கெடுக்கும்.

அடுத்து அந்த தெலுங்கு விஷயம். இத படிச்சப்ப எனக்கு கோவமே வந்துச்சு. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால பேச்சு தாமதமாகுங்கறது தப்பு, இத உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணி பாத்தாச்சு. ரெண்டு மொழி வீட்டுக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழிலயும் வார்த்தை கொஞ்சம் கம்மியா இருக்கலாம், ரெண்டையும் கூட்டிப் பாத்தா கணக்கு சரியா வரும், அதனால உங்க பொண்ணு சொல்ற நாலஞ்சு வார்த்தைல தெலுங்கு வார்த்தையையும் சேத்துதான் எண்ணணும். தெலுங்க நிறுத்தினா என்ன ஆகும்? உங்க சம்சாரத்துக்கும் உங்கம்மாவுக்கும் கொஞ்சறது, திட்டறது, தாலாட்டறது எல்லாம் அதுலதான வரும், அத நிறுத்தினா அவகிட்ட பேசறதே பாதியா கொறைஞ்சு போகும். சேலத்துல ஒரு தெருவுல போனா தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருதுன்னு நாலு வீட்ல நாலு பேச்சு கேக்கும், இப்ப வடக்கேருந்து வேலைக்கு வந்தவங்க வீட்ல இந்தி, ஒடியா வேற. நம்ம ஊர் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான் வளந்து பேசியிருக்கு. 2020 தேசிய கல்விக் கொள்கையும் சரி, 2022-ல வந்த, மூணுலருந்து எட்டு வயசு வரைக்குமான அடிப்படைக் கட்டத்துக்கான தேசிய கலைத்திட்டச் சட்டகமும் சரி, சின்ன வயசுல வீட்டு மொழிலதான் ஆரம்பிக்கணும்னு சொல்லுது, அந்தக் கொள்கைல மத்த விஷயங்கள்ல எவ்வளவோ விவாதம் இருக்கட்டும், இந்த ஒரு விஷயத்துல அனுபவமும் அதத்தான் சொல்லுது.

மலைல எனக்கு இது பாடமாவே நடந்துச்சு. சேர்வராயன் மலைல இருக்கற மலையாளி பழங்குடி மக்கள், கேரளாக்காரங்கன்னு நெனச்சுடாதீங்க, அவங்க பேசறது தமிழ்தான், ஆனா கீழ பேசற தமிழ் மாதிரி இருக்காது. கீழருந்து போன நான் அவங்க பிள்ளைங்க பேசறப்ப ஒவ்வொரு வார்த்தையா திருத்தினேன். ரெண்டே மாசத்துல எல்லாம் ஊமையாட்டம் ஆயிடுச்சு. எனக்கு ஆயாவா இருந்த அந்த ஊர் அம்மாதான் சொன்னாங்க, "டீச்சர், நீங்க சிரிச்சுட்டே திருத்தினாலும் அதுக பயந்துக்குது"ன்னு. அப்புறம் அந்த அம்மாவ கதை சொல்லச் சொல்லிட்டு நான் பிள்ளைங்களோட உக்காந்து கேட்டேன். பத்து நாள்ல சத்தம் கூரையப் பிச்சுது. சுவத்துல ஒட்டறதுக்கு குடுத்த படத்துல ஒட்டகமும் கப்பலும் இருக்கும், தெனமும் காலைல பிள்ளைங்க பாத்துட்டு வர்ற காட்டெருமை இருக்காது. "இது என்ன"ன்னு கப்பலக் காட்டி கேட்டா முழிக்கற அதே பையன், சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட மிளகுக்கொடில எது காய்க்கும் எது காய்க்காதுன்னு சொல்வான். அவன மந்தம்னு ரெஜிஸ்டர்ல எழுதறதுக்கு எனக்கு என்ன அருகதை இருக்கு சொல்லுங்க.

அங்கன்வாடிங்கற பேரு எப்படி வந்துச்சு தெரியுமா. மகாராஷ்டிரால தாராபாய் மோடக், அனுதாய் வாக்னு ரெண்டு பெண்கள், 1945-ல போர்டிங்கற ஊர்ல கிராமத்துப் பிள்ளைங்களுக்காக வேலைய ஆரம்பிச்சவங்க, பழங்குடிப் பிள்ளைங்க பள்ளிக்கு வரலன்னதும் அதுங்கள குறை சொல்லல, பள்ளிய எடுத்துக்கிட்டு அவங்க வீட்டு முற்றத்துக்கே போனாங்க. அங்கன்னா முற்றம். நானும் காப்பி பழம் பறிக்கற சீசன்ல, நவம்பர்லருந்து ஜனவரி வரைக்கும் பிள்ளைங்க அம்மா கூடவே தோட்டத்துக்கு போயிடும்னு தெரிஞ்சப்புறம், மத்தியானத்துக்கு மேல எஸ்டேட் லைன் வீட்டு வாசல்ல பாய் போட்டு உக்காருவேன். குழந்தை தயாராகி பள்ளிக்கு வரணும்னு நாம எதிர்பாக்கறோம், பள்ளிதான் குழந்தைக்கு தயாராகணும். உங்களுக்கு அந்த ப்ளே ஸ்கூல் சொன்னதுல இருக்கற தப்பு இதுதான். மூணு வயசுல பேச்சு எங்க வளரும்? பேசற பிள்ளைங்க நடுவுலதான வளரும்.

இனி சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அங்கீகாரமோ நிதியோ வாங்கற கல்வி நிறுவனம் எதுவும் மாற்றுத்திறன காரணம் காட்டி குழந்தைய மறுக்கக் கூடாதுன்னு சொல்லுது, இது தெளிவு. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயசுலருந்து பதினாலு வரைக்கும்தான், அதனால மூணு வயசு பிள்ளைக்கு அத அப்படியே நீட்டிப் பேசினா ஜெயிக்கறது கஷ்டம், ப்ளே ஸ்கூல்கூட சண்டை போட்டு உங்க நேரத்த வீணாக்காதீங்கன்னுதான் சொல்வேன். அங்கன்வாடி விஷயம் வேற. அங்கன்வாடிய நடத்தற ஐசிடிஎஸ், அதாவது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1975 அக்டோபர் 2-ல ஆரம்பிச்சது, ஆறு வயசுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் அது போய்ச் சேரணும்னு உச்ச நீதிமன்றமே 2006-ல உத்தரவு போட்டாச்சு. 2023-ல மாற்றுத்திறனாளி குழந்தைங்களுக்குன்னே அங்கன்வாடிக்கு தனி வழிமுறை மத்திய அரசு வெளியிட்டாங்க, கண்டுபுடிக்கறது, சேத்துக்கறது, மேல அனுப்பறது மூணும் அதுல இருக்கு. உங்க பொண்ண அங்க வேண்டாம்னு சொல்ல அந்த டீச்சருக்கு அதிகாரம் கிடையாது.

ஆனா அதிகாரம் இல்லங்கறது வேற, நல்லா பாத்துக்குவாங்கங்கறது வேற, இதையும் மறைக்காம சொல்லணும். மூணுலருந்து ஆறு வயசு பிள்ளைங்க இருபது பேருக்கு ஒரு பெரியவங்கன்னு 2013-லயே தேசிய அளவுல தரம் எழுதி வெச்சாங்க, நெசத்துல அந்த டீச்சர் எடை போடணும், செல்போன்ல பதிவு பண்ணணும், கணக்கு எழுதணும், சத்துமாவு குடுக்கணும், மீட்டிங் போகணும். சில மையம் கோயில் மாதிரி இருக்கும், சிலதுல பிள்ளைங்கள தூங்க வெச்சு அனுப்பறதோட சரி. தனியார்லயும் அதே கதைதான், பெயிண்ட் மட்டும் நல்லா இருக்கும். அதனால பேரப் பாக்காதீங்க, ஃபீஸப் பாக்காதீங்க, ஒரு நாள் காலைல போய் ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க.

என்னத்த பாக்கணும்னா, அழுதுட்டே வர்ற பிள்ளைய வாசல்ல எப்படி வாங்கறாங்கன்னு பாருங்க. குனிஞ்சு, கண்ணுக்கு நேரா முகத்த வெச்சு பேசறாங்களா, இல்ல ஒரு கையால இழுத்து உள்ள விட்டுட்டு அடுத்த பிள்ளைகிட்ட போறாங்களா. ஒரு பிள்ளை ஜட்டிலயே ஒண்ணுக்கு போயிட்டா என்ன நடக்குதுன்னு பாருங்க, எனக்கு ஒரு மையத்த எடை போட அது ஒண்ணு போதும், சத்தம் போடாம, மத்த பிள்ளைங்க முன்னாடி அசிங்கப்படுத்தாம, கழுவி விட்டு வேற துணி மாத்தி அனுப்பினாங்கன்னா அங்க உங்க பொண்ண தைரியமா விடலாம். சாப்பாட்டு நேரம் பாருங்க, மெதுவா சாப்பிடற பிள்ளைக்கு பொறுமையா இருக்காங்களா, முட்டை வேண்டாம்ங்கற பிள்ளைக்கு வாய்ல திணிக்கறாங்களா. எல்லாரையும் விட மெதுவா இருக்கற பிள்ளை எங்க உக்காந்திருக்குன்னு தேடுங்க, வட்டத்துக்குள்ளயா, சுவரோரமாவா. பிரம்பு, ஸ்கேல் கண்ணுல பட்டா எந்திரிச்சு வந்துடுங்க. மூணு வயசுல நாலு கோடு நோட்ல ஏ பி சி டி எழுத வெக்கறாங்கன்னா அதையும் பெருமையா எடுத்துக்காதீங்க, அந்த வயசுல அந்த விரலுக்கு மாவு பிசையறதும் மண்ணு அள்றதும் பூ கோக்கறதும்தான் எழுத்து. அப்புறம் டீச்சர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இதுக்கு முன்னாடி பேச்சு வராத, நடக்க முடியாத பிள்ளை யாராவது இங்க இருந்தாங்களா, என்ன பண்ணீங்கன்னு. அந்தப் பிள்ளைய பேர் சொல்லி, அது என்ன விரும்பும், எதுக்கு சிரிக்கும்னு சொல்றவங்க நல்ல டீச்சர். "அந்த மாதிரி கேஸா, ஒண்ணு ரெண்டு வந்துச்சு"ன்னு சொன்னா யோசிங்க.

சேத்துக்கறதுன்னா பெரிய செலவுன்னு எல்லாரும் பயப்படறாங்க, அதுக்கு ஒண்ணு சொல்றேன். மலைல ஒரு பையன், மூளை வாதம், கழுத்து நிக்கும், தானா உக்கார முடியாது, பாட்டி முதுகுல சுமந்துட்டு காப்பித் தோட்டத்து வழியா வருவாங்க. எஸ்டேட் தச்சர்கிட்ட சொல்லி ரெண்டு பக்கமும் பலகை வெச்சு மூலை மாதிரி ஒரு உக்காரும் பலகை, நடுவுல ஒரு குத்துக்கட்டை, முன்னாடி ஒரு தட்டு, பழைய பலகைலயே அடிச்சு குடுத்தார். அதுல உக்கார வெச்சதும் அவனுக்கு ரெண்டு கையும் விளையாட கிடைச்சுது. மத்த பிள்ளைங்களுக்கு நான் ஒண்ணும் உபதேசம் பண்ணல, அவன் தட்டுல மண்ணு கொட்டி அதுங்களே விளையாட ஆரம்பிச்சுது. அவன் நடக்கல, இன்னைக்கும் நடக்கல, ஆனா அவன் பேரு அந்த ஊர் பிள்ளைங்க எல்லாருக்கும் தெரியும், திருவிழாவுக்கு தூக்கிட்டு போறாங்க.

ஸ்பெஷல் ஸ்கூல்ங்கற வார்த்தைய கேட்டு கலங்காதீங்க, அது தண்டனை கிடையாது. எந்தக் குழந்தைக்கு எந்தப் பள்ளி நல்லதுங்கறதுக்கு உறுதியான பதில் கிடையாது, இந்தத் துறைல இருக்கறவங்களுக்குள்ளயே கருத்து ஒண்ணா இல்ல. காது ரொம்பவே கேக்காத குழந்தைன்னா சைகை மொழி சரளமா பேசற பெரியவங்களும் பிள்ளைங்களும் இருக்கற எடம் வேணும், அது பக்கத்து பால்வாடில கிடைக்காது, காது மெஷினோ, காதுக்குள்ள கருவி வெக்கற காக்ளியர் ஆபரேஷனோ மட்டும் போதும்னு சொல்றவங்களும் உண்டு, சைகையும் சேந்து வேணும்னு சொல்றவங்களும் உண்டு, நான் ரெண்டாவது பக்கம், ஏன்னா எந்த வழிலயாவது ஒரு மொழி அவளுக்கு சீக்கிரம் போய்ச் சேரணும், மொழியே இல்லாம வருஷம் ஓடறதுதான் ஆபத்து. ஆனா பத்து நிமிஷம் பாத்த ஒரு ப்ளே ஸ்கூல் அத முடிவு பண்ணக் கூடாது.

வீட்டுக்கு வருவோம். விசைத்தறி சத்தம் பல வருஷம் ஓட்டறவங்க காத பாதிக்குங்கறது தெரிஞ்ச விஷயம், உங்க காதையும் ஒரு தடவ பாத்துக்கோங்க. பொண்ணோட பேச்சுத் தாமதத்துக்கு அதுதான் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா அந்த இரைச்சல்ல நீங்க சொல்ற வார்த்தை அவளுக்கு தெளிவா போய்ச் சேராதுங்கறது நிச்சயம், அதுவும் காது அடைச்சிருந்தா சொல்லவே வேண்டாம். தறிய நிறுத்துங்கன்னு சொன்னா சோத்துக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க, அத நான் சொல்லல. அவள தறி ரூம்ல தூளி கட்டி தூங்க வெக்கறத மாத்துங்க, பாவு பிணைக்கற நேரம், கரண்ட் போற நேரம், சாப்பிடற நேரம்னு தறி நிக்கற நேரத்த அவளுக்குன்னு ஒதுக்குங்க. தறி நூல் சுத்தற காலி தார்க்குச்சிய கலர் கலரா பிரிச்சு விளையாடலாம், கழிவு நூல உருட்டி பந்து பண்ணலாம். பக்கத்துல உக்காந்து, உங்க வாய் அவளுக்கு தெரியற மாதிரி, அவ எதப் பாக்கறாளோ அதப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க, சொல்லிட்டு நிறுத்தி அவ பதிலுக்கு காத்திருங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. "இது என்ன சொல்லு, சொன்னாத்தான் குடுப்பேன்"னு வம்பு பண்ணாதீங்க, பேச்சு அவளுக்கு பரீட்சையா ஆயிடும். செல்போன் மூணு நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு, கம்மியா இருந்தா இன்னும் நல்லது.

ஆக வரிசை இப்படி வெச்சுக்கோங்க. இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டர், சீழுக்கு மருந்து, கேக்கும் திறன் டெஸ்ட். அது நடக்கறப்பவே பால்வாடில சேத்துடுங்க, ரிப்போர்ட்டுக்காக காத்திருக்க வேண்டாம். டீச்சர்கிட்ட காது விஷயத்த சொல்லி முன்னாடி உக்கார வெக்கச் சொல்லுங்க, பேர் சொல்றப்ப தோள தொட்டு கூப்பிடச் சொல்லுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும், 2013-லருந்து அந்தத் திட்டம் இருக்கு, அவங்க வர்ற தேதிய கேட்டு அன்னைக்கு லீவு போடாம அனுப்புங்க, அவங்க எழுதிக் குடுத்தா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல பேச்சுப் பயிற்சி வரைக்கும் காசில்லாம பாப்பாங்க. உங்க வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, அவங்களையும் ஒரு தடவ பாத்து வையுங்க, பின்னாடி ஒண்ணாவது சேக்கறப்ப உதவும்.

காதுலருந்து மூளைக்கு சத்தம் சரியா போகுதான்னு பாக்கற பெரா (BERA) டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்கன்னா அது குழந்தை தூங்கறப்ப எடுக்கறது, வலி கிடையாது, தலைல சின்னதா ஒயர் ஒட்டுவாங்க. முந்தின ராத்திரி லேட்டா தூங்க வெச்சு, காலைல சீக்கிரம் எழுப்பி, வழில பஸ்ல தூங்க விடாம கூட்டிட்டு போங்க, அப்பதான் அங்க போனதும் தூங்குவா, மருந்து குடுத்து தூங்க வெக்கற வேலை மிச்சம். அவளுக்கு புடிச்ச துணியோ தலகாணியோ எது இல்லாம தூங்க மாட்டாளோ அதையும் பையில எடுத்துக்கோங்க.